கொத்துக்காட்டில் ராகியும் துவரையும்: அட்டப்பாடியின் தழைச்சத்துக் கணக்கு

பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் செய்துவந்த புனவேளாண்மையைக் காட்டை அழித்து மண்ணைக் கெடுக்கும் முறை என்றே காலனிய வனத்துறை கருதியது. விடுதலைக்குப் பிறகும் அந்த மதிப்பீடு பெரிதாக மாறவில்லை. அந்தக் காட்டில் என்ன விதைக்கப்பட்டது, எது எப்போது அறுக்கப்பட்டது என்பதைப் பார்த்தால் வேறொரு கணக்குத் தெரிகிறது.

ஊர் மூப்பனுக்குத் துணையாக 'மண்ணுக்காரன்' என்றொருவர் உண்டு. விதைப்பைத் தொடங்கிவைப்பது அவர் பொறுப்பு. ராகி, சாமை, துவரை, அவரை, கடுகு, கீரை எல்லாம் ஒரே காட்டில் கலந்து விதைக்கப்படும். ராகி நான்கு மாதங்களுக்குள் கதிரறுக்கப்படும். துவரை வடகிழக்குப் பருவமழையையும் கண்டு பனிக்காலம் வரை நிற்கும்.

பயறு தானியத்துக்குத் தழைச்சத்தை ஊட்டுகிறது என்று பாடநூல்கள் எளிமையாகச் சொல்லிவிடுகின்றன. அது பாதி உண்மைதான். பயற்று வேரின் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்துவதை ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1886-இல் நிறுவினர். ஆனால் அதே பருவத்தில் பக்கத்துப் பயிருக்குக் கைமாறும் அளவு பெரும்பாலும் சிறிது. கலப்பு விதைப்பின் முதற்பயன், இருக்கும் சத்தை இழக்காமல் காப்பது. கோடையில் காய்ந்த மண்ணை முதல் மழை நனைத்ததும் நுண்ணுயிர்கள் கிளர்ந்தெழுந்து நைட்ரேட்டைப் பெருக்குகின்றன. கென்யாவில் ஆய்வு செய்த பிர்ச் 1950-களில் விளக்கிய நிகழ்வு இது. நைட்ரேட் மண்துகளில் ஒட்டாது. வேர் இல்லாவிட்டால் மழைநீரோடு கீழே இறங்கிவிடும். சரிவு நிலத்தில் சொல்லவே வேண்டாம். விரைந்து வளரும் ராகியின் சல்லிவேர்கள் அதை மேல்மண்ணிலேயே பிடித்துக்கொள்கின்றன. மண்ணிலுள்ள பங்கு இவ்வாறு குறைவதால் துவரை காற்றையே கூடுதலாக நாட நேர்கிறது. ராகி போன பின்பு துவரையின் ஆழமான ஆணிவேர், கீழிறங்கிய சத்தைத் தேடிச் செல்கிறது. உதிரும் இலை அதில் ஒரு பகுதியை மேல்மண்ணுக்குத் திருப்புகிறது.

இம்முறைக்கு நிலப்பரப்பும் தரிசு விடும் காலமும் வேண்டும். இரண்டும் பறிபோயின. 1951-இல் அட்டப்பாடி மக்களில் பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். 2001-இல் பாதிக்கும் கீழே. இடைப்பட்ட காலத்தில் குடியேற்றம் பெருகியது. இழந்த நிலத்தை மீட்டுத்தர 1975-இல் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் வர 1986 ஆயிற்று. அரிசியும் ரேஷனும் ராகியின் இடத்தைப் பிடித்தன. 2013-இல் அட்டப்பாடியின் சிசு மரணங்கள் நாடெங்கும் பேசப்பட்டபோது, தாய்மாரின் ஊட்டச்சத்துக் குறைவே முதன்மையாகச் சுட்டப்பட்டது. தானியமும் பயறும் ஒரே காட்டிலிருந்து ஒரே அடுப்புக்கு வந்த காலத்தை அந்த விவாதங்களில் வேளாண் வரலாறாக அணுகியோர் குறைவு.

2017-இல் கேரள வேளாண்துறை சிறுதானியக் கிராமத் திட்டத்தை அங்கே தொடங்கியது. 2022-இல் அட்டப்பாடித் துவரைக்கும், ஆட்டுக்கொம்பு போல் வளைந்த அவரைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டுக்கும் தனித்தனிப் பதிவுகள். ராகிக்கு இடையே அவை சேர்ந்து நின்ற முறையைப் பதிவு செய்ய அச்சட்டத்தில் இடமில்லை.