பார்வைத்திரை (துடுப்பாட்டம்)

பார்வைத்திரை அல்லது சைட் ஸ்கிரீன் என்பது துடுப்பாட்ட மைதானத்தின் இரு முனைகளிலும், எல்லைக்கோட்டுக்கு வெளியே, பந்துவீச்சாளருக்குப் பின்புறமாக அமைக்கப்படும் ஒரே நிறமுடைய பெரிய திரையாகும். துடுப்பாளர் பந்தைத் தெளிவாகக் காண இது உதவுகின்றது. சிவப்புப் பந்து ஆட்டங்களில் வெள்ளைத் திரையும், வெள்ளைப் பந்து ஆட்டங்களில் கறுப்புத் திரையும் பயன்படுத்தப்படுகின்றன.

தேவை

மணிக்கு 140 கிமீ வேகத்தில் வீசப்படும் பந்து ஏறத்தாழ அரை நொடியில் துடுப்பாளரை அடைகின்றது. கண்ணில் படும் மாற்றத்துக்கு ஏற்ப மட்டையின் அசைவைத் திருத்துவதற்கே ஏறக்குறைய 0.2 நொடி தேவை. 2000 ஆம் ஆண்டில் மைக்கேல் லாண்ட், பீட்டர் மெக்லியோட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வின்படி, துடுப்பாளர் பந்தை இடைவிடாது பின்தொடர்வதில்லை. பந்து கையை விட்டு விலகும் கணத்தைக் கவனித்து, அது தரையில் படவிருக்கும் இடத்துக்குத் தமது பார்வையை முன்னதாகவே நகர்த்துகின்றார். ஆகவே அக்கணத்தில் பின்னணியில் எவரேனும் நடந்தால், பார்வை நகர்வும் அதனைத் தொடரும் மட்டைவீச்சும் பிந்தக்கூடும். இதனால் ஆட்டமிழப்பு மட்டுமன்றி, பந்து உடலைத் தாக்கும் ஆபத்தும் உண்டு.

விதிகள்

பந்தை எதிர்கொள்ளும்போதோ அதற்கு ஆயத்தமாகும்போதோ ஒலியாலோ அசைவாலோ துடுப்பாளரின் கவனம் சிதறினால், நடுவர் 'டெட் பால்' என அறிவிப்பார். அப்பந்து ஓவரில் எண்ணப்படமாட்டாது. களத்தடுப்பாளர் வேண்டுமென்றே கவனத்தைச் சிதறடித்தால், துடுப்பாடும் அணிக்கு 5 தண்டனை ஓட்டங்கள் வழங்கப்படும்.