ராத்திரி 11 மணி போன்

தொண்ணூறுகளின் கடைசியில், சீவலப்பேரியில் அப்பா ராத்திரி 11 மணி வரை முழிச்சிருப்பார். அதுக்கு மேலதான் எஸ்.டி.டி. கட்டணம் கால்வாசி. கோயம்பேட்டில் வாழைத்தார் என்ன விலைன்னு தெரியாம விடிஞ்சா, உள்ளூர் வியாபாரி சொன்னதுதான் விலை.

வெளியூர் போனுக்கு ஏன் அவ்வளவு காசு? பின்னாளில் தேடிப் படித்தேன். அப்போது ஒரு புது இணைப்பு கொடுக்க ஏறக்குறைய 40,000 ரூபாய் ஆனது. வாடகையையும் உள்ளூர்க் கட்டணத்தையும் குறைவாக வைத்து, எஸ்.டி.டி.யில் கூட்டி வசூலித்தார்கள்.

அந்த அடக்கவிலையில் கைவைத்தவர்கள் இரண்டு பேர். 1984-ல் தொடங்கிய சி-டாட், ஏ.சி. இல்லாமலே ஓடும் சின்ன கிராம எக்ஸ்சேஞ்சைச் செய்தது. 1986-ல் கர்நாடகத்தின் கிட்டூரில் வைத்தார்கள். அடுத்து சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவின் 'கார்டெக்ட்'. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை புதைக்கும் செம்புக் கம்பிக்குப் பதிலாக ரேடியோ அலை. பேசிக்கொண்டே இன்டர்நெட்டும் பார்க்கலாம். 2001 முதல் மதுரைப் பக்கம் மேலூர் கிராமங்களில் இதை வைத்து இன்டர்நெட் மையங்கள் நடந்தன.

செல்போன் வந்து கார்டெக்டை ஓரங்கட்டிவிட்டது. ஆனால் செல்போனும் அதே கம்பியைத்தானே விட்டொழித்தது!

அப்பா இப்போ வயல்ல நின்னே விலை கேட்கிறார். ஒன்பது மணிக்கே தூங்கிடுறார்.