பழைய பத்திரிகைகளில் 'சாதி' என்னும் சொல்

பழைய தமிழ்ப் பத்திரிகைகளை இன்று வாசிப்போரை அடிக்கடி தடுமாறச் செய்யும் சொற்களுள் 'சாதி' என்பதும் ஒன்றாகும். நாம் அச்சொல்லுக்கு இன்று ஏறக்குறைய ஒரே பொருளையே கொள்கிறோம். ஆனால் யாழ்ப்பாணத்தில் 1841இல் 'உதயதாரகை'யும், கொழும்பில் 1882இல் அறிஞர் சித்திலெப்பையின் 'முஸ்லிம் நேச'னும் தோன்றிய அந்த நூற்றாண்டின் தமிழ் உரைநடையில் அது பல பொருள்களைத் தாங்கி நின்றது.

முதலாவது பொருள் 'வகை' என்பதாகும். மரஞ்செடிகளையும் விலங்குகளையும் பிரித்துக் கூறுமிடங்களில் 'பறவைச் சாதி', 'பனைச் சாதி' என எழுதுவது இயல்பாக இருந்தது. உயர்ந்த வகையைச் சுட்டவும் இச்சொல் பயன்பட்டது. 'சாதிக் குதிரை' என்பது நல்லினக் குதிரை. நமது பேச்சில் இன்றும் வழங்கும் 'பெண்சாதி' என்னும் சொல் முதலிற் பெண்ணினத்தைக் குறித்துப் பின்னர் மனைவியைக் குறிக்கலாயிற்று.

இரண்டாவது பொருள் 'நாட்டு மக்கள்' அல்லது 'இனத்தவர்' என்பதாகும். பழைய தமிழ் வேதாகமத்தில் உலகத்து மக்களினங்கள் யாவும் 'ஜாதிகள்' என்றே குறிக்கப்படுகின்றன. 'புறஜாதியார்' என்பது இஸ்ரவேலர் அல்லாத பிற இனத்தவரைக் குறிக்கும். தமிழகத்தில் 'சுதேசமித்திரன்', 'இந்தியா' ஆகிய பத்திரிகைகளில் எழுதிய பாரதியார் தமது கவிதையொன்றுக்குத் 'தமிழச் சாதி' என்றே தலைப்பிட்டார். அவர் அங்கு கருதியது தமிழ் மக்கள் அனைவரையுமேயாகும். சிங்களத்திலோ இப்பொருள் இன்றும் நிலைத்துள்ளது. பியதாச சிறிசேன 1903இல் ஆரம்பித்த 'சிங்கள ஜாதிய' என்னும் பத்திரிகையின் பெயர் சிங்கள இனத்தையே சுட்டியது. நாம் 'தேசிய' என்பதைச் சிங்களவர் 'ஜாதிக' என்பர். நாம் சாதி என்பதை அவர்கள் 'குலய' என்பர்.

மூன்றாவது பொருளே இன்று எஞ்சியிருப்பது. 'சாதியாசாரம்', 'சாதிப்பிரஷ்டம்', 'சாதிமான்' முதலிய தொடர்களில் அது ஐயத்துக்கிடமின்றிப் பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் அமைப்பையே குறிக்கின்றது. ஆயின் 'சாதியபிமானம்', 'சாதிபேதமின்றி' என்பன இரு பொருளுக்கும் இடந்தருவன. முன்னும் பின்னும் வரும் வாக்கியங்களை நோக்காமல் அவற்றுக்குப் பொருள் கூறலாகாது.

இது அகராதி சார்ந்த ஆராய்ச்சி மட்டுமன்று. யார் எந்த இனம் என்ற கேள்வி இந்நாட்டில் அரசியற் பிரதிநிதித்துவத்தோடு பிணைந்திருந்தது. சோனகர் இன அடிப்படையில் தமிழரே என 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் றோயல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளையில் ஆங்கிலத்தில் கட்டுரை வாசித்தார். 1889இல் சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்கெனத் தனி உறுப்பினர் நியமிக்கப்பட்டார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் இராமநாதனின் கூற்றை மறுத்து ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். இத்தகைய காலத்தின் தமிழ் எழுத்தில் 'சோனக சாதி' என்றோ 'தமிழ்ச் சாதி' என்றோ காணும் ஒருவர் அதனை இன்றைய பொருளில் வாசித்தால், இல்லாத இழிவொன்றை அங்கே கண்டுவிடுவார். அவ்வரியை மட்டும் பிரித்தெடுத்து மேடையிற் கூறினால், அது ஒரு சமூகத்தின் மனத்தைப் புண்படுத்தவும் கூடும்.

எதிர்மாறான தவறும் உண்டு. மீள்பிரசுரஞ் செய்வோர் சிலர் சங்கடம் தவிர்க்கச் 'சாதி' என்பதை எங்கும் 'இனம்' என மாற்றிவிடுகின்றனர். கோயிலிலும் கிணற்றடியிலும் பாடசாலையிலும் மனிதரை மனிதர் விலக்கி வைத்ததைக் கூறும் செய்தியில் இவ்வாறு செய்தால், நமது சமூகத்தின் குற்றமொன்று வரலாற்றிலிருந்து மறைந்துவிடும். பொது இடங்களில் சாதி காரணமாக மக்களைத் தடுப்பதைக் குற்றமாக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் இயற்றப்பட வேண்டியிருந்ததை நாம் மறத்தலாகாது.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, பாகுபாட்டைத் தடைசெய்யும் உறுப்புரையில் இனத்தையும் சாதியையும் வெவ்வேறாகக் குறிப்பிடுகின்றது. முன்பு ஒரே சொல் சுமந்த பொருள்கள் இன்று இரு சொற்களாகப் பிரிந்துவிட்டன. ஆகவே, பழைய பத்திரிகைகளைப் பதிப்பிப்போர் மூலச்சொல்லை மாற்றாது அச்சிட்டு, பொருளை அடிக்குறிப்பில் விளக்க வேண்டும். மேற்கோள் காட்டுவோர் முழு வாக்கியத்தையும் ஆண்டையும் தருதல் வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழியில் எழுதிவைத்த வரலாற்றை இரு சமூகத்தவரும் ஐயமின்றி வாசிப்பதற்கு இதுவே வழியென நாம் கருதுகிறோம்.