போத்தலில் ஓர் ஆர்எச்-75: மாதிரி ராக்கெட்டைப் பறக்க வைப்பது எப்படி?

கடையில் கிடைக்கும் மாதிரி ராக்கெட் பெட்டிகள் பெரும்பாலும் அலமாரியில் நிற்பதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றைப் பறக்க வைக்கும் பொழுதுபோக்கு 1950களின் இறுதியில் அமெரிக்காவில் பரவியது. அங்கே கருமருந்து அடைத்த சிறு மோட்டாரைப் பயன்படுத்துவார்கள். மலேசியாவில் கருமருந்து வெடிபொருள். 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் நினைவில் இருக்கட்டும். பிறைக்குப் பக்கத்திலேயே பட்டர்வொர்த் ஆகாயப் படைத் தளமும் இருக்கிறது. ஆகவே இங்குள்ள பிள்ளைகளுக்கு ஏற்றது தண்ணீரும் காற்றும்தான்.

எந்த ராக்கெட்டைச் செய்வது? பலரும் பிஎஸ்எல்வியைத் தேர்ந்தெடுப்பார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. 44 மீட்டர் உயரமுள்ள அந்த ராக்கெட் தன் பாதையைத் தானே திருத்திக்கொள்ளும் கருவிகளுடன் பறக்கிறது. போத்தலுக்கு அந்த வசதி இல்லை. அடியில் சிறகு இல்லாவிட்டால் ஏறிய வேகத்தில் குட்டிக்கரணம் அடிக்கும். அசல் தோற்றம் கெடாமல் இருக்கத் தெளிவான பிளாஸ்டிக்கில் சிறகு வெட்டி ஒட்டுவது வழக்கம்.

அதைவிட எளியது ஆர்எச்-75. 1967 நவம்பர் 20ஆம் தேதி கேரளத்தின் தும்பாவிலிருந்து ஏவப்பட்ட, இந்தியா சொந்தமாக உருவாக்கிய முதல் ஆய்வு ராக்கெட் அது. எடை 32 கிலோ. பெயரில் உள்ள 75 என்பது அதன் விட்டம், மில்லிமீட்டரில்! 1.5 லிட்டர் சோடா போத்தல் ஏறக்குறைய 90 மில்லிமீட்டர். அசல் ராக்கெட்டைவிடத் தடிமன். 500 அல்லது 600 மில்லி போத்தலைச் சுற்றி நுரைப்பஞ்சு வளையம் வைத்து, 75 மில்லிமீட்டர் அட்டைக் குழாயைப் போர்த்தினால் தடிமனில் அசலே கிடைத்துவிடும். அதன் வாலில் சிறகும் உண்டு.

போத்தல் 100பிளஸ் அல்லது கோலா போன்ற வாயு பானத்துடையதாக இருக்க வேண்டும். மினரல் வாட்டர் போத்தல் அழுத்தம் தாங்காது. கீறல் விழுந்ததும் வெயிலில் கிடந்ததும் வேண்டாம். சூடான பசைத் துப்பாக்கி போத்தலை இளக்கிவிடும். ஸ்ப்ரே சாயமும் அதைப் பலவீனப்படுத்தலாம். சாயத்தை அட்டைக் குழாய்க்கு மட்டும் அடியுங்கள். சிறகுக்கு, விளம்பரப் பலகை செய்யும் நெளி பிளாஸ்டிக் அட்டை போதும்.

அசலிலிருந்து துணிந்து விலக வேண்டிய இடம் மூக்கு. கூர் மூக்கு அழகுதான், ஆனால் அது கீழே வரும்போது யார் தலை மேல் விழும் என்று சொல்ல முடியாது. பாதியாக வெட்டிய மென்பந்து ஒன்றைப் பொருத்திவிடலாம்.

அடுத்தது நிலைத்தன்மை. தண்ணீர் ஊற்றாத ராக்கெட்டை விரல் மேல் வைத்துச் சமன் செய்தால் எடை மையம் தெரியும். பிறகு ராக்கெட்டின் பக்கத் தோற்றத்தை அட்டையில் வரைந்து வெட்டி, அதையும் அப்படியே சமன் செய்யுங்கள். அது காற்று தள்ளும் மையத்தைத் தோராயமாகக் காட்டும். முதலாவது மையம் இரண்டாவதைவிட மூக்குப் பக்கமாக, குறைந்தது ஒரு விட்ட அளவு, அதாவது 75 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இல்லையென்றால் மூக்கின் உட்புறம் பிளாஸ்டிசின் களிமண்ணை அப்பலாம், அல்லது சிறகைப் பெரிதாக்கலாம். எடை மையத்தில் கயிறு கட்டித் தலைக்கு மேல் சுழற்றினால் ராக்கெட் மூக்கை முன்னால் வைத்துச் சுற்ற வேண்டும். வால் முன்னால் வந்தால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

புதுப் போத்தலை முதலில் தண்ணீரால் முழுக்க நிரப்பி அழுத்திச் சோதியுங்கள். உள்ளே காற்று இல்லாததால், உடைந்தாலும் வெடித்துச் சிதறாது. ஏவும்போது மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் போதும். மிகுந்தால் காற்றுக்கு இடம் குறையும். குறைந்தால் தள்ளுவதற்குப் பொருள் இருக்காது. அளவுமானி உள்ள சைக்கிள் பம்பில் 60 பிஎஸ்ஐயைத் தாண்ட வேண்டாம். பம்புக் குழாய் நீளமாக இருக்கட்டும், ஏவும் கயிறும் அப்படியே. காற்று ஏறிய ராக்கெட் கிளம்பாவிட்டால் யாரும் அருகே போய்க் குனிந்து பார்க்கக் கூடாது. காற்றைத் தூரத்திலிருந்தே வெளியேற்ற ஒரு வால்வு வைப்பது அவசியம்.

போட்டிக்குச் செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். ஆசிய-பசிபிக் விண்வெளி அமைப்புகளின் மன்றம் 2005 முதல் நடத்திவரும் மாணவர் நீர் ராக்கெட் நிகழ்வில் உயரத்துக்குப் புள்ளி இல்லை. குறித்த இலக்குக்கு எவ்வளவு அருகில் விழுகிறது என்பதே கணக்கு. அதற்குத் தண்ணீர், அழுத்தம், சாய்வு மூன்றையும் ஒவ்வொரு ஏவலிலும் நோட்டில் குறித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.