வெட்டுறதுக்குக் கேட்க வேண்டிய மரம்

போன லீவுக்கு வீட்ட வந்தபோது, வளவுக்குள்ள நிக்கிற பலாமரத்தை வெட்டப்போறதா வாப்பா சொன்னார். தங்கச்சிக்கு வீடு கட்டணும். எங்கட கல்முனைப் பக்கம் பொம்பளப் பிள்ளைக்கு வீடு குடுத்துத்தான் கலியாணம். வளவோ பத்துப் பேர்ச். "சும்மா வெட்டேலா, பெர்மிட் எடுக்கணும்" எண்டார் சாச்சா.

நம்ம வளவு மரத்துக்கு ஏன் அரசாங்கத்தின் அனுமதி?

காரணம், 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம். அது காத்தது மூன்று மரங்களை: பலா, ஈரப்பலா, பெண் பனை. மூன்றும் சோறு இல்லாத நாளில் வயிறு நிரப்புபவை. அதற்கு ஒன்பது வருடம் முன்புதான், 1942இல், ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. இலங்கை சாப்பிட்ட அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து, அதிலும் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. அந்தப் பயம் இந்தச் சட்டத்துக்குள் இருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன்.

அதற்கும் முன்பே பஞ்சத்தை யோசித்தவர் பாணந்துறை ஆர்தர் வி. டயஸ். 1915இல் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த கலவரத்தின் பின், பிரிட்டிஷ் அரசு சிறையில் போட்ட சிங்களத் தலைவர்களில் அவரும் ஒருவர். பின்னாளில் நாடு முழுக்கப் பலா நட வைத்ததால் 'கொஸ் மாமா' என்ற பெயர் நிலைத்தது. கொஸ் என்றால் பலா. சிங்களத்தில் பலாவுக்கு இன்னொரு பெயர் 'பத் கஸ': சோற்று மரம்.

பலாவின் சொந்த இடம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடு. 1344இல் இலங்கை வந்து பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதா, இந்தியப் பழங்களைப் பற்றி எழுதும்போது பலாவை 'ஷக்கி', 'பர்க்கி' என இரண்டாகச் சொல்கிறார். மலையாளச் 'சக்க'யும் நம்ம 'வருக்கை'யும் காதில் விழுகிறதா?

1970களின் தட்டுப்பாட்டை மூத்தம்மா இப்பவும் சொல்வா. அரிசி இல்லாத நாளில் அவிச்ச பலாக்காயும் தேங்காய்ப்பூவும்தான் பகல் சாப்பாடாம். அந்தக் காய் தந்ததும் இதே மரம்தான்.

வாப்பாவையும் பிழை சொல்லேலா. காணி வளராது, பிள்ளைகள் வளரும். ஆனா இதையெல்லாம் வாசிச்சுச் சொன்ன பிறகு, இருக்கிற வீட்டுக்கு மேல ஒரு மாடி எழுப்பினா என்ன எண்டு பேச்சு நடக்குது. பெர்மிட் படிவம் இன்னும் நிரப்பல்ல.