தாங்கிச் சீட்டு: ஐந்து வரிகளுக்கு ஓர் உரை

பலம் குறைந்த கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் கால் தாங்கியை மருத்துவச் சீட்டில் எழுதும் முறையை விளக்க எழுதிய மாதிரிச் சீட்டு இது. ஆள் கற்பனை, நிலைமை மலேசியாவின் ரெங்கம் மக்களுக்குப் பழக்கமானது. நோயின் பெயரைப் பார்த்துத் தாங்கி எழுதக் கூடாது, காலையும் அந்தக் கால் நடக்கும் தரையையும் பார்த்தே எழுத வேண்டும் என்பதே இதன் சாரம்.

1. “ஆண், 58, ரெங்கம். செம்பனைக் குலை வெட்டியவர். வீட்டில் வெறுங்கால்.”

நோய்க்கு முன் ஆளின் வாழ்க்கை வருகிறது. வரிசை அப்படித்தான் இருக்க வேண்டும். தோட்டத்து மண்சாலையா, சிமெண்டுத் தரையா, குந்தி உட்காரும் கழிவறையா என்பதைப் பொறுத்துத் தாங்கியே மாறும். ‘வீட்டில் வெறுங்கால்’ என்பதுதான் இவ்வரியின் உயிர். பிளாஸ்டிக் தாங்கி சப்பாத்துக்குள் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். தனியாகப் போட்டால் வழுவழுப்பான தரையில் வழுக்கிவிடும். வாசலிலேயே செருப்பைக் கழற்றும் வீட்டில் தாங்கியும் வாசலோடு நின்றுவிடும். ஆகவே வெளியே போட்டுப் போகாத, ரப்பர் அடியுள்ள இன்னொரு சோடி சப்பாத்தை வீட்டுக்கென்றே சேர்த்து எழுத வேண்டும்.

2. “ஸ்ட்ரோக், ஆறு மாதம். வலது கை தளர்ச்சி. வலது பாதத்தைத் தூக்கும் தசை 1/5. முழங்காலை நீட்டும் தசை 4/5.”

ஐந்து என்றால் முழுப் பலம். ஒன்று என்றால், தொட்டுப் பார்க்கும் விரலுக்குத் தசையின் துடிப்பு மட்டும் தெரியும், பாதம் அசையாது. காலை முன்னே வீசும்போது விரல்நுனி தரையில் இழுபடும், இடறும். பாதத்துக்குத் தாங்கி எழுத முழங்காலின் பலம் எதற்கு? கணுக்காலைப் பிடித்து நிறுத்தினால் அந்த விசை முழங்காலுக்கு ஏறும். கீழ்க்கால் அதிகமாக முன்சாய்ந்த நிலையில் தாங்கி பிடித்தால் முழங்கால் மடங்கப் பார்க்கும். பாதம் கீழ்நோக்கிய நிலையில் பிடித்தால் முழங்காலைப் பின்னுக்குத் தள்ளும். இவருக்கு நான்கு இருக்கிறது. ஆகவே தொடைவரை ஏறும் தாங்கி தேவையில்லை.

3. “முழங்காலை நீட்டிய நிலையில் கணுக்கால் செங்கோணம் வரை வருகிறது. இறுக்கம் லேசு.”

கணுக்கால் எதுவரை வருகிறது என்பதை முழங்காலை நீட்டி ஒரு முறை, மடக்கி ஒரு முறை பார்க்க வேண்டும். மடக்கினால் மட்டும் கணுக்கால் இளகுகிறது என்றால், முழங்காலைத் தாண்டி ஏறும் கெண்டைக்கால் தசை சுருங்கியிருக்கிறது. அந்தக் காலைச் செங்கோணத் தாங்கியில் திணித்தால் குதிகால் எழும்பிக்கொள்ளும். இவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

4. “இனிப்பு நீர், 12 ஆண்டு. 10 கிராம் இழை பெருவிரலடியில் தெரியவில்லை. புண் இல்லை.”

இனிப்பு நீர் என்பது நீரிழிவு. சீட்டில் மிகவும் கவனிக்க வேண்டிய வரி இதுதான். கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையை வளையும்வரை தோலில் அழுத்துவார்கள். வளையும்போது அழுத்தம் 10 கிராம். அதுகூடத் தெரியாத பாதம், தாங்கி கடித்தாலும் சொல்லாது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால்களில் இதைத்தான் கண்டார்: சதை தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் படும் காயமும் அழுத்தமும் புண்ணாகின்றன. நீரிழிவுப் பாதத்துக்கும் அதே பாடம் பொருந்தும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மலேசிய இந்தியர்களிடையே அது இன்னும் அதிகமாக இருந்தது. ஆகவே ஸ்ட்ரோக் என்று வந்தவரிடமும் இந்தச் சோதனையை விட்டுவிடக் கூடாது.

5. “அச்செடுத்துச் செய்த, வளைந்துகொடுக்கும் பின்பட்டைத் தாங்கி, உள்ளே மெத்தை, ஆழமான சப்பாத்து, இடது கையால் மாட்டும் பட்டை. இரண்டு வாரத்தில் மறுபார்வை.”

மேலுள்ள நான்கு வரிகளின் விடை இது. தசை இறுக்கம் லேசு என்பதால் காலின் பின்புறம் வளையும் பட்டை போதும்; கடுமையாக இருந்தால் கணுக்காலை அசையவிடாத கெட்டித் தாங்கி வேண்டியிருக்கும். உணர்வு இல்லாததால் அச்சும் மெத்தையும். வலது கை தளர்ந்திருப்பதால் இடது கைக்கேற்ற பட்டை. முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டால் போதும். கழற்றியதும் வீட்டார் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சிவப்பு அரைமணிக்குள் மறையாவிட்டால் தாங்கியைத் திருத்தும்வரை போடக் கூடாது. மறுபார்வைக்குக் குளுவாங் நகருக்குப் போக வேண்டியிருந்தால் யார் அழைத்துப் போவார் என்பதையும் அன்றே பேசிவிட வேண்டும். தாங்கியைப் போடாமல் அது கட்டிலடியில் கிடந்தால் வீட்டார் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கே அழுத்துகிறது, எப்போது கழற்றினார் என்று கேட்டுச் சீட்டைத் திருத்தி எழுதுவதும் எழுதியவரின் கடமைதான்.