ஹெக்லர் & கோக் பி7: அரிய வடிவங்கள்

மேற்கு ஜெர்மனியின் ஹெக்லர் & கோக் நிறுவனம் 1970களில் காவல்துறைக்காக உருவாக்கிய 9 மி.மீ. கைத்துப்பாக்கி பி7. பிடியின் முன்புறமுள்ள லிவரை அழுத்தினால்தான் சுடும் ஊசி ஆயத்தமாகும். வெடிப்பில் எழும் வாயுவே ஸ்லைடு பின்னோக்கி நகர்வதைத் தாமதப்படுத்தும். இந்த நேர்த்தியான பொறியமைப்பு எதுவரை தாக்குப்பிடிக்கும் என்பதை அரிய வடிவங்களில்தான் காண முடிகிறது. அமெரிக்க ராணுவத்தின் கைத்துப்பாக்கித் தேர்வுக்கென பி7ஏ13 தயாரானது. அங்கே வென்றது பெரெட்டா நிறுவனத்தின் துப்பாக்கி. மிகத் துணிச்சலானது .45 தோட்டாவுக்கான பி7எம்7. அதில் வாயுவின் வேலையை எண்ணெய் நிரப்பிய உருளை செய்தது. ஒருசில முன்மாதிரிகளுடனேயே அம்முயற்சி நின்றுபோனது பேரிழப்பு. விற்பனைக்கு வந்த சிறிய பி7கே3-இலும் எண்ணெய் உருளை உண்டு; உறுப்புகளை மாற்றி .22, .32, .380 தோட்டாக்களைச் சுடலாம். .40 தோட்டாவுக்கான பி7எம்10-இல் ஸ்லைடு பருத்துக் கனத்தது.